மகனின் யூத நண்பனுக்குப் பார் மிட்ஸ்வா: என்ன விழா இது, எப்படிப் போய் வருவது?

நீங்கள் கேட்டது இது: நியூ ஜெர்சியில் ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகனுக்கு, அவனுடைய யூத நண்பனின் பார் மிட்ஸ்வாவுக்கு அழைப்பிதழ் வந்திருக்கிறது. குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை ஜெப ஆலயத்தில் வழிபாடு, அன்று இரவு ஒரு மண்டபத்தில் விருந்து. இது நம் ஊர்ப் பூணூல் கல்யாணம் மாதிரியா? காலையில் போகாமல் விருந்துக்கு மட்டும் போனால் போதுமா? என்ன கொடுப்பது? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் கட்டாயம் போங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் இரவு விருந்தை விட்டுவிடுங்கள். விருந்துக்கு மட்டும் போவது, முகூர்த்தத்தை விட்டுவிட்டுப் பந்திக்கு மட்டும் போவதைப் போன்றது. யூதரல்லாதவர்கள் உள்ளே வரலாமா என்ற தயக்கம் வேண்டாம். தாராளமாக வரலாம், அதற்குத்தான் அழைத்திருக்கிறார்கள். நான் இருபது வருடமாக இந்தப் பகுதியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையனில் தொடங்கி என் மகளின் வகுப்புத் தோழர்கள் வரை பத்துப் பன்னிரண்டு பார் மிட்ஸ்வாக்களுக்குப் போயிருக்கிறேன். விருந்துகள் எல்லாம் எனக்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டன. காலை வேளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நினைவில் இருக்கின்றன.

'பார்' என்றால் அரமேய மொழியில் மகன். 'மிட்ஸ்வா' என்றால் எபிரேயத்தில் கட்டளை. கட்டளையின் மகன், அதாவது கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவன் என்று பொருள். விழாவுக்கு இந்தப் பெயர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையில் அது பையனின் நிலையைக் குறிக்கும் சொல். எபிரேய நாட்காட்டிப்படி 13 வயது நிறையும் நாளில் ஒரு யூதப் பையன் பார் மிட்ஸ்வா ஆகிவிடுகிறான். யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் ஆகிவிடுகிறான். 'ஐந்து வயதில் வேதம், பத்தில் மிஷ்னா, பதின்மூன்றில் கட்டளைகள்' என்று வயதுகளை அடுக்கும் ஒரு பழைய பட்டியல், வாய்மொழிச் சட்டங்களின் தொகுப்பான மிஷ்னாவின் 'பிர்க்கே அவோத்' பகுதியில் இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு மரபுப்படி 12 வயது. அதற்குப் பெயர் பாத் மிட்ஸ்வா. அமெரிக்காவில் ஒரு பெண் சபை முன் நின்று வேதம் வாசித்த முதல் பாத் மிட்ஸ்வா 1922 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்தது. ரபி, அதாவது யூத சமய குரு, மார்டெகாய் கப்லான் தன் மகள் ஜூடித்துக்கு நடத்திவைத்தார். இப்போது பெரும்பாலான சபைகளில் ஆண், பெண் இருவருக்கும் இது ஒரே மாதிரிதான் நடக்கிறது.

யூத வேதமான தோராவில் இப்படி ஒரு விழாவே இல்லை. இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஜெர்மானிய யூதர்களிடையே உருவாகி மற்ற இடங்களுக்குப் பரவியது. 16ஆம் நூற்றாண்டில் போலந்தில் வாழ்ந்த ரபி சாலமன் லூரியா, இதற்கு விருந்து வைப்பது வெறும் கொண்டாட்டமா, சமயக் கடமையா என்று யோசித்தார். அவர் எடுத்துக்காட்டியது, மிஷ்னாவையும் அதன் மேலான விவாதங்களையும் கொண்ட தல்மூதில் வரும் ஒரு கதை. ரவ் யோசேப்பு என்ற அறிஞருக்குக் கண் தெரியாது. கண் தெரியாதவர்களுக்குக் கட்டளைகளிலிருந்து விலக்கு உண்டு என்று ஒரு கருத்து இருந்தது. விலக்கு இருந்தும் தானாகச் செய்கிறோமே, அது உயர்வுதானே என்று முதலில் அவர் மகிழ்ந்திருந்தார். பிறகு, கட்டளையிடப்பட்டுச் செய்பவனே கட்டளையில்லாமல் செய்பவனைவிட உயர்ந்தவன் என்று கேள்விப்பட்டார். 'அப்படியானால் எனக்கு விலக்கு இல்லை என்று யாராவது வந்து சொல்லட்டும், அறிஞர்களுக்கெல்லாம் விருந்து வைக்கிறேன்' என்றாராம். கட்டுப்பட்டவர் என்ற செய்திக்கே அவர் விருந்து வைப்பார் என்றால், ஒரு பையன் உண்மையாகவே கட்டுப்பட்டவன் ஆகும் நாளுக்கு விருந்து வைக்காமல் எப்படி என்று கேட்டு, இது கடமையான விருந்துதான் என்று முடிவு சொன்னார் லூரியா.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பெரியவன் ஆவது என்றால் தடைகள் நீங்குவது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஓட்டுநர் உரிமம், தனி அறை, இரவில் தாமதமாக வருவது. இங்கே ஒரு சமூகம், பையன் தலையில் பொறுப்பு ஏறியதற்காகப் பாட்டுப் பாடி ஆடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் அன்று நடப்பது எல்லாமே புரியும்.

பூணூலோடு ஒப்பிட்டுக் கேட்டிருந்தீர்கள். ஒற்றுமை உண்டு: வயது, அன்றாடக் கடமைகள் தொடங்குவது, குருவிடம் உட்கார்ந்து சுரத்தோடு ஓதக் கற்பது. ஆனால் பூணூலில் தந்தை துணிக்குள் குனிந்து மகன் காதில் மந்திரத்தைச் சொல்லித் தருகிறார். இங்கே மகன் ஊருக்கு முன்னால் நின்று, ஊருக்காக வாசிக்கிறான். அப்புறம், இது ஒரு பிரிவுக்கு உரியது அல்ல. எல்லா யூதப் பையன்களுக்கும் உண்டு.

அந்த வாசிப்பு எவ்வளவு கடினம் என்று தெரிந்தால் உங்கள் மகன் தன் நண்பனை வேறு கண்ணோடு பார்ப்பான். தோரா அச்சிட்ட புத்தகம் அல்ல. தோல் சுருளில் எழுத்தர் ஒருவர் இறகுப் பேனாவால் கையால் எழுதியது. மொத்தம் 3,04,805 எழுத்துகள். அதில் உயிர்க்குறிகள் கிடையாது, நிறுத்தற்குறிகள் கிடையாது, எப்படிப் பாட வேண்டும் என்ற இசைக்குறிகளும் கிடையாது. வெறும் மெய்யெழுத்துகள். தமிழில் 'க்ட்ல்' என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்து, கடலா, கூடலா, கட்டிலா என்று இடமறிந்து படிப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய உச்சரிப்பையும் இராகத்தையும் பையன் முன்பே மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இதற்கென்றே வகுப்புக்குப் போவார்கள். கால்பந்துப் பயிற்சிக்கும் வீட்டுப் பாடத்துக்கும் நடுவில். அதுவும் குரல் உடையும் வயதில்.

எந்தப் பகுதியை வாசிப்பது என்று பெரும்பாலும் அவன் தேர்ந்தெடுப்பதில்லை. தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து வாராவாரம் வாசித்து ஒரு வருடத்தில் முடிக்கிறார்கள். அவன் பிறந்த நாளையொட்டி எந்த வாரம் வருகிறதோ அந்த வாரத்துப் பகுதி அவனுடையது. சிலருக்குச் செங்கடல் பிளக்கும் கதை வந்துவிடும். ஏப்ரல் மாதம் பிறந்த பையன்களுக்குப் பல சமயம் தோராவின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் தோல் நோய்ச் சட்டங்கள் வந்துவிடும். வாசித்தால் மட்டும் போதாது. 'த்வார் தோரா' என்று ஒரு சிறு உரையும் ஆற்ற வேண்டும். அந்தப் பகுதி தனக்கு என்ன சொல்கிறது என்று பதின்மூன்று வயதுக்காரன் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் கேட்டவற்றில் மிகச் சிறந்த உரை அந்தத் தோல் நோய்ப் பகுதியைப் பற்றியதுதான். நோயாளியைப் பாளையத்துக்கு வெளியே அனுப்பும் சட்டத்தை எல்லோரும் கொடுமை என்பார்கள். அந்தப் பையன் அடுத்த அதிகாரத்தில் வரும் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டான். குணமானதைப் பார்க்க ஆசாரியன்தான், அதாவது பூசாரிதான், பாளையத்தை விட்டு வெளியே போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. 'வெளியே இருப்பவனிடம் உள்ளே இருப்பவன் நடந்து போக வேண்டும்' என்றான். பள்ளியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு பையனைப் பற்றிப் பேசினான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் வகுப்புப் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

சரி, வழிபாடு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காலை ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கும். இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். வாசலில் காவலர் நின்று பையைப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம். 2018 அக்டோபர் 27 அன்று, இதேபோல ஒரு சனிக்கிழமைக் காலையில், பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு பல இடங்களில் இந்தக் கட்டுப்பாடு கூடிவிட்டது. வாசலில் கிப்பா என்ற சிறு தொப்பிகள் ஒரு கூடையில் இருக்கும். பையனின் பெயரும் தேதியும் அச்சிட்டிருப்பார்கள். நீங்களும் உங்கள் மகனும் ஆளுக்கு ஒன்று எடுத்து அணிந்துகொள்ளுங்கள். அது மரியாதைக்காக, மதம் மாறுவது ஆகாது. முனைகளில் முடிச்சிட்ட நூல்கள் தொங்கும் 'தல்லித்' என்ற சால்வையை நீங்கள் எடுக்க வேண்டாம், அது யூதர்களுக்கு உரியது. புத்தகம் வலமிருந்து இடமாகத் திறக்கும். எழுந்து நிற்கச் சொன்னால் நில்லுங்கள், மற்றபடி எதையும் சொல்ல வேண்டியதில்லை. கைபேசியை அணைத்து வைத்துவிடுங்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், அன்று பல சபைகளில் படம் எடுப்பதும் எழுதுவதும் கூடாது. மரபை இறுக்கமாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையாக இருந்தால் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்கார வேண்டியிருக்கும். உங்கள் மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நடுவில் திரையை விலக்கி, பேழையிலிருந்து தோராச் சுருளை வெளியே எடுப்பார்கள். சில சபைகளில் அப்போது ஒன்று செய்வார்கள்: தாத்தா பாட்டி சுருளைத் தூக்கிப் பெற்றோர் கையில் தருவார்கள், பெற்றோர் பையன் கையில் தருவார்கள். நல்ல கனம் இருக்கும். அவன் அதைக் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வருவான். மக்கள் தல்லித் நுனியால் சுருளைத் தொட்டு முத்தமிடுவார்கள். நம் தெருவில் சுவாமி புறப்பாடு வரும்போது எப்படி நிற்பீர்களோ அப்படி நின்றால் போதும்.

பிறகு ஒவ்வொருவராகத் தோராவுக்கு அழைப்பார்கள். இதற்கு 'அலியா' என்று பெயர், மேலே ஏறுதல் என்று பொருள். ஓய்வுநாளில் ஏழு பேர், அதற்கு மேல் ஒருவர். பையனின் முறை வரும்போது அவன் எபிரேயப் பெயரையும் பெற்றோர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். மேடையில் சுருளைத் தொடாமல், கை வடிவில் முனை செய்த வெள்ளிக் குச்சியால் வரிகளைச் சுட்டிக்கொண்டு வாசிப்பான். பக்கத்தில் அச்சுப் புத்தகத்தோடு ஒருவர் நிற்பார். பையன் பொருள் மாறும்படித் தவறு செய்தால் மெதுவாகத் திருத்திச் சொல்வார், அவன் திரும்ப வாசிப்பான். இதில் அவமானம் எதுவும் இல்லை, பெரியவர்கள் வாசித்தாலும் அப்படித்தான். தீர்க்கதரிசிகள் நூலிலிருந்தும் ஒரு பகுதியை வேறொரு இராகத்தில் பாடுவான். முடித்ததும் நாலாபக்கமும் இருந்து மிட்டாய் பறந்து வரும். வாழ்க்கை இனிப்பாக இருக்கட்டும் என்று எறிகிறார்கள். உங்கள் கையிலும் கொடுத்திருப்பார்கள், எறியுங்கள். சின்னப் பிள்ளைகள் தரையில் பாய்ந்து பொறுக்குவார்கள்.

சில இடங்களில் அப்போது தந்தை ஒரு வரி சொல்வார். முதல் முறை பொருள் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'இவனுக்கான தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவர் போற்றப்படுவாராக.' விட்டது தொல்லை என்ற மாதிரி ஒலிக்கிறது, ஆனால் அது அல்ல. இதுவரை இவன் செய்த தவறுகளுக்கு நான் பதில் சொன்னேன், இனி அவனே சொல்லிக்கொள்வான் என்று ஊர் முன்னால் கையை எடுத்துக்கொள்கிறார். சொல்லும்போது பல தந்தைகளுக்குக் குரல் தழுதழுக்கும்.

அன்று முதல் மாறுவது என்ன? யூதக் கூட்டு வழிபாட்டில் முக்கியமான சில பகுதிகளைச் சொல்லக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். அதற்கு 'மின்யான்' என்று பெயர். மரபான சபைகளில் பத்து ஆண்கள், மற்றவற்றில் பெண்களையும் சேர்த்து. ஒன்பது பேர் இருந்தால் காத்திருப்பார்கள். இறந்த தாய் தந்தைக்காகச் சொல்லும் கதீஷ் மன்றாட்டைக்கூட ஒன்பது பேரை வைத்துச் சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய அறிஞர்கள் ஒன்பது பேர் இருந்தாலும் சரி. போன வாரம் வரை இந்தப் பையன் உட்கார்ந்திருந்தாலும் எண்ணிக்கையில் வரமாட்டான். இந்த வாரம் அவன் வாசலில் நுழைந்ததும், 'பத்தாயிற்று, தொடங்கலாம்' என்று சொல்லலாம். துக்கத்தில் இருக்கும் ஒரு கிழவருக்கு அந்தப் பதின்மூன்று வயதுப் பையன் தேவைப்படுகிறான். நான் புரிந்துகொண்ட அளவில் பார் மிட்ஸ்வாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மரபைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் இதோடு, வேத வசனங்கள் எழுதிய சுருள்களை உள்ளே வைத்த இரண்டு கருப்புத் தோல் பெட்டிகளை வார நாட்களின் காலை வழிபாட்டில் கையிலும் நெற்றிக்கு மேலும் வார்களால் கட்டிக்கொள்வதும் தொடங்கும். தெஃபில்லின் என்பார்கள். ஓய்வுநாளில் அதைக் கட்டுவதில்லை, அதனால் நீங்கள் போகும் அன்று பார்க்க முடியாது.

மண்டபமும் இசையும் இல்லாமல் இந்த விழா எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உண்மைக் கதை உண்டு, உங்கள் மகனுக்கும் சொல்லுங்கள். 1944இல், நாஜிகளின் பெர்கன்-பெல்சன் முகாமில், யோவாகிம் ஜோசப் என்ற பையன் 13 வயதை எட்டினான். அதே குடிலில் இருந்த நெதர்லாந்து ரபி சைமன் டாஸ்பர்க் இதைத் தெரிந்துகொண்டு, இரவுகளில் இரகசியமாக அவனுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் விடிவதற்கு முன், சன்னல்களைப் போர்வையால் மூடி, மெழுகுவத்தி வெளிச்சத்தில், ரபி ஒளித்து வைத்திருந்த மிகச் சிறிய தோராச் சுருளிலிருந்து பையன் வாசித்தான். முடிந்ததும், நான் இங்கிருந்து உயிரோடு போகமாட்டேன், இதை நீ வைத்துக்கொள், பிழைத்தால் நடந்ததைச் சொல் என்று சுருளை அவனிடமே கொடுத்துவிட்டார் ரபி. அவர் முகாமிலேயே இறந்தார். பையன் பிழைத்து, டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் அறிஞரானார். இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரர் இலான் ரமோன் செய்யவிருந்த ஒரு வளிமண்டல ஆய்வு அவருடையது. வேலை விஷயமாக அவர் வீட்டுக்குப் போன ரமோன் அந்தச் சுருளைப் பார்த்தார், கதையைக் கேட்டார். ரமோனின் தாய் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி முகாமில் இருந்து பிழைத்தவர். சுருளை விண்வெளிக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டு வாங்கிப் போனார். 2003 ஜனவரியில் விண்ணிலிருந்து அதைக் கையில் பிடித்து உலகத்துக்குக் காட்டினார். பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் திரும்பும் வழியில் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். நம் கல்பனா சாவ்லாவும் அந்தக் கலத்தில்தான் இருந்தார். அந்த விபத்தை நாம் எல்லோரும் அவர் பெயரால் நினைவு வைத்திருக்கிறோம். அதே கலத்தில் ஒரு பையனின் பார் மிட்ஸ்வாச் சுருளும் இருந்தது.

இனி விருந்து. வழிபாடு முடிந்ததும் அங்கேயே திராட்சை ரசத்துக்கும், பின்னல் போட்ட 'ஹல்லா' ரொட்டிக்கும் ஆசி சொல்லி ஒரு சிற்றுண்டி இருக்கும். இரவு விருந்து ஓய்வுநாள் முடிந்த பிறகு, நட்சத்திரம் தெரிந்ததும் தொடங்கும். டிஜே, விளக்கு, புகைப்பட மூலை எல்லாம் இருக்கும். வட்டமாகக் கைகோத்து ஆடும் ஹோரா ஆட்டத்தின் நடுவில் பையனை நாற்காலியோடு தூக்கி ஆட்டுவார்கள், பெற்றோரையும் தூக்குவார்கள். உங்கள் மகன் வட்டத்துக்குள் போகட்டும், நீங்களும் போங்கள், அடி தெரியாவிட்டாலும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். 13 மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக உறவினரையும் நண்பர்களையும் கூப்பிட்டு ஏற்றச் சொல்வது அமெரிக்காவில் பிறந்த வழக்கம், சமயச் சடங்கு அல்ல. இருந்தாலும் இறந்துபோன தாத்தாவின் பெயரைச் சொல்லி ஒன்று ஏற்றும்போது அறை அமைதியாகிவிடும். ஆடம்பரம் கூடிப்போகிறது என்ற கவலை இப்போது வந்தது அல்ல. போலந்துப் பகுதி யூத சபைகள் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த விருந்துகளுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கின்றன. பசித்தவர்களுக்காக 1985இல் தொடங்கிய மாசோன் என்ற அமைப்பு, விருந்துச் செலவில் 3 விழுக்காட்டை ஏழைகளின் உணவுக்குத் தரும்படி குடும்பங்களைக் கேட்டுக்கொண்டது. பல பையன்கள் தாங்களாகவே ஒரு தொண்டைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் செய்கிறார்கள். அழைப்பிதழில் அப்படி ஏதாவது குறித்திருந்தால் அதற்கும் கொஞ்சம் கொடுங்கள்.

பரிசுக்கு வருவோம். நாம் 101, 501 என்று வைப்பதுபோல இவர்கள் 18இன் மடங்கில் வைப்பார்கள். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'ஹாய்' என்றால் உயிர், வாழ்வு. அதில் உள்ள இரண்டு எழுத்துகளின் மதிப்பு 8, 10. கூட்டினால் 18. ஆகவே 36, 54, 72, 180 டாலர் என்று காசோலையோ பரிசு அட்டையோ கொடுப்பது வழக்கம். வகுப்புத் தோழன் என்ற அளவில் 36 அல்லது 54 போதும், குடும்ப நட்பு என்றால் கூடுதலாக வையுங்கள். காலையில் ஜெப ஆலயத்துக்குக் கொண்டு போக வேண்டாம், ஓய்வுநாளில் பணத்தைத் தொடாதவர்கள் இருப்பார்கள். இரவு விருந்தில் கொடுங்கள். உங்கள் மகனிடம் கையால் நான்கு வரி எழுதச் சொல்லி உறைக்குள் வையுங்கள். வாழ்த்து 'மாசல் தோவ்'.

சாப்பாடு. கோஷர் விருந்தில், அதாவது யூத உணவு விதிகளின்படி நடக்கும் விருந்தில், இறைச்சியும் பாலும் ஒன்றாக வராது. பன்றி, இறால், நண்டு கிடையாது. பால் வகை விருந்தாக இருந்தால் உங்களுக்குக் கவலை குறைவு, ஆனால் மீன் இருக்கும். புகையூட்டிய சால்மன் மீன் சிற்றுண்டி மேசையில் நிச்சயம் உண்டு. இன்னொன்றைக் கவனியுங்கள். 'பார்வே' என்று போட்டிருந்தால் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை என்றுதான் பொருள். மீனும் முட்டையும் பார்வேயில் சேர்த்திதான். நம்மவர்கள் அதைச் சைவம் என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். கேட்டுவிட்டு எடுங்கள். சங்கடப்பட மாட்டார்கள். உணவுக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் அப்பாவும் அந்த நேரம் ஊரிலிருந்து வந்திருப்பார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வீட்டில் கேட்டுவிட்டு அவரையும் அழைத்துப் போங்கள். அவருக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று: மனித ஆயுள் எழுபது என்று யூத வேதத்தின் பாடல் நூலான சங்கீதம் சொல்வதால், எழுபதோடு பதின்மூன்றைக் கூட்டி 83 வயதில் இரண்டாவது பார் மிட்ஸ்வா செய்துகொள்பவர்கள் உண்டு. நடிகர் கிர்க் டக்ளஸ் 1999இல் செய்துகொண்டார். நம் சதாபிஷேக வயதுக்குப் பக்கத்தில் வருகிறது.

அழைப்பிதழோடு சின்ன அட்டையும், தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருப்பார்கள். யார் யார் வருகிறீர்கள், சைவமா என்று எழுதி இந்த வாரமே தபாலில் போட்டுவிடுங்கள். சாப்பாட்டுக் கணக்கை அதை வைத்துத்தான் கொடுப்பார்கள். காலையில் ஒன்பதரைக்கே போய் உட்காருங்கள். பையன் வாசிப்பது பத்தரைக்கு மேல்தான் என்றாலும், மேடையிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது அவன் தேடுவது தன் வகுப்புத் தோழர்களைத்தான்.